மூடிக்குள் மூச்சு

ஒட்டி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அதற்குள், ஞாயிறு காலையில், மாதிரி விமானத்தின் கண்ணாடி மூடி வெளுத்திருந்தது.

பார்த்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது. மாதிரி விமானம் செய்கிற எவனுக்கும் தெரிந்த பாடம் அது. விமானியின் தலைக்கு மேல் வரும் தெளிந்த பிளாஸ்டிக் மூடியை சூப்பர் குளூ போட்டு ஒட்டக் கூடாது. அதன் ஆவி உள்ளேயே சுழன்று வெள்ளையாகப் படிந்துவிடும், படிந்தால் போகாது. வெள்ளைப் பசைதான் போட வேண்டும். இத்தனை வருஷம் கழித்து இந்தத் தப்பையா செய்தோம் என்று நொந்துகொண்டே மேசையைப் பார்த்தார். திறந்திருந்தது வெள்ளைப் பசை. சூப்பர் குளூ குழாய் பிரிக்கப்படாமல் இழுப்பறைக்குள் கிடந்தது.

அவர் மறுபடி விமானத்தைப் பார்த்தபோது மூடி தெளிவாக இருந்தது.

அது அவருடைய தம்பி கடைசியாக ஓட்டிய விமானம். வயலுக்கு மருந்து தெளிக்கிற மஞ்சள் விமானம், ஒரே ஒரு இருக்கை. அதை முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் மலைக்கு அந்தப் பக்கத்து வயல்களுக்கு அதை ஓட்டிப்போன தம்பி, காட்டுக்கு மேல் எங்கோ காணாமல் போனான். விமானமும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் தேடலை நிறுத்தலாமா என்று வீட்டாரைக் கேட்டார்கள். தம்பி மனைவி, "இன்னும் ரெண்டே நாள் மாமா, ரெண்டே நாள்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போனவன் போயிட்டாம்மா. தேடப் போறவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் வைத்துக்கொள்ள அந்த விமானம், உள்ளே அவன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள்.

உள்ளே உட்கார்ந்த தம்பி பொம்மைக்குப் பட்டாணி அளவுத் தலை. மீசை வைத்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் கண்ணும் எழுதியிருந்தார். எதிரேயிருக்கும் வேகமானி, உயரமானிகளின் முள் வட்டங்களை அவன் குனிந்து பார்ப்பதுபோல.

திங்கட்கிழமை மூடி மறுபடி வெளுத்தது. இந்த முறை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்கக் கண்ணாடியை ஊதித் துடைப்பதுதான் பிழைப்பு. பசையின் வெளுப்பு ஒரே இடத்தில் நிற்கும். மூச்சின் வெளுப்போ ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாக நின்று, மறையும். மூடிக்குள் இருந்தது சுருங்கியது. புள்ளியாக நின்றது. மறைந்தது. மறுபடி பரவியது. அவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார், அது அடங்கவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது, அறையில் எதைத் தொட்டாலும் காய்ந்து சுட்டது. ஆனால் விமானத்தின் அருகே குனிந்தால் மட்டும் நனைந்த இலைகளும் சிந்திய எரிபொருளும் சேர்ந்து அழுகும் வாடை லேசாக வந்தது.

"தம்பி இருந்தப்போ சேர்ந்தாப்ல பத்து நிமிஷம் உக்காந்து பேசினதில்ல. இப்போ பொம்மையோட குடித்தனமே நடக்குது" என்றாள் மனைவி, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு.

"மூடி சரியா ஒட்டல."

"ஒட்டலைன்னா பேத்துட்டு மறுபடி ஒட்டுங்க. அதுக்கு எதுக்குப் பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறீங்க?"

அவள் போனதும் பிளேடை எடுத்து மூடியின் விளிம்பில் வைத்தார். கை நகரவில்லை. உள்ளே செத்த ஒன்று இருக்குமோ என்ற பயம் இல்லை அது. செத்ததைப் பற்றித்தான் அவர் கையெழுத்தே போட்டுவிட்டாரே.

புதன்கிழமைக்குள் மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடியிருந்தது. பரவுவதும் குறைந்து, முன்பு மூடி முழுக்கப் படர்ந்தது இப்போது முகத்துக்கு நேரே மட்டும் படிந்தது. யாரோ களைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்போதுதான் விரல் மடக்கிப் பார்த்தார். ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு. விழுந்த நாளிலிருந்து தேடியவர்கள் எண்ணியதும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை ஆறாவது நாள்.

வெள்ளிக்கிழமை அவர் கடை திறக்கவில்லை. காலையிலிருந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஆறு நாளைக்குள் நின்றுவிட்டால் அவர் மேல் குற்றமில்லை. ஆறு நாளும் தேடத்தான் செய்தார்கள், கிடைக்கவில்லை, விதி. ஆறு தாண்டினால்தான் குற்றம். மதியத்துக்கு மேல் வெளுப்பு வருவதற்கு நெடுநேரம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் அதுதான் கடைசி என்று நினைத்தார்.

"போதும்டா. இன்னியோட நின்னுடு" என்று சொன்னார். வாய்விட்டே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அது நின்றது. விளக்கு வைத்துப் பார்த்தார். தெளிவு. கால் மணி. அரை மணி. தெளிவு. எழுந்து முகம் கழுவி, பசியோடு சாப்பிட்டு, கட்டையைப் போல உறங்கினார்.

சனிக்கிழமை காலையிலும் மூடி தெளிந்துதான் இருந்தது. உள்ளே தம்பி குனிந்து முள் வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் துடைக்கத் துணியை எடுத்தார்.

வெளுத்தது.

கொஞ்சமாக. மிளகளவு. சுருங்கியது. மறைந்தது.

மறுபடி.

அவர் இழுப்பறையைத் திறந்தார். அந்தத் தப்பை இந்த முறை தெரிந்தே செய்தார். குழாயைப் பிரித்து, மூடியின் பின்பக்க இடுக்கில் ஊசி முனையால் சூப்பர் குளூவை இரண்டு சொட்டு விட்டார். மூன்று. ஆவி உள்ளே சுழன்றது. மூடி பால்போல வெளுத்து, தம்பியின் தலை மறைந்தது, தோள் மறைந்தது. இனி எந்த வெளுப்பு வந்தாலும் யாருக்கும் தெரியாது.

டிக்.

நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டும் சத்தம். மிகச் சிறிய நகம்.

டிக். டிக்.

விமானத்தின் மேல் ஒரு போர்வையைப் போட்டார். அதன் மேல் இன்னொன்று. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தம்பி மனைவி வந்தாள். எட்டு மாதத்தில் பாதியாகியிருந்தாள். அவர் விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து கூடத்து மேசையில் வைத்தார்.

"பசையை மாத்திப் போட்டுட்டேம்மா. உள்ள எல்லாம் வெளுத்துப்போச்சு. அவன் முகம் தெரியாது."

"நீங்களா? 'எங்க அண்ணன் கை தப்பாது, அவரு எமன்கிட்டயே கணக்குப் பாத்துத் தீப்பாரு'ன்னு எப்பவும் கிண்டல் பண்ணுவாரே" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். விமானத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "பரவால்ல மாமா. முகம் தெரியுதே."

"என்னது?"

"இந்தா, இந்த இடம் மட்டும். இதுவழியாப் பாக்கத்தான் வட்டமாத் தொடைச்சு வெச்சீங்களா?"

அவர் தொட்டுப் பார்த்தார். வெளிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. துடைத்திருந்தது உள்பக்கம். ஓரமெல்லாம் கீறல், கீறலாக.

"உங்க லென்ஸைக் குடுங்க மாமா. அவரை நல்லாப் பாக்கணும்."

"நான் பாத்துட்டுத் தர்றேம்மா."

உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக் குனிந்தார். அவர் எழுதிய மீசை. அதற்குக் கீழே வெடித்துக் காய்ந்த உதடுகள். அவற்றை அவர் எழுதவில்லை. முகம் முள் வட்டங்களைப் பார்த்துக் குனிந்திருக்கவில்லை. நிமிர்ந்திருந்தது. அவரைப் பார்த்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால், கண்மணியின் கருமை முழுக்க விரிந்திருந்தது.

"எப்படி மாமா? அவரை மாதிரியே இருக்கா?"

அவர் மேசை விளக்கை அருகே இழுத்தார்.

வெளிச்சம் பட்டதும், தினமும் கடையில் அவர் பார்க்கிற எல்லாக் கண்களிலும் நடப்பதைப் போலவே, அந்தக் கருமை மெல்லச் சுருங்கியது.