பத்து புள்ளி நான்கு

'முழங்கை மடங்கணும். முட்டி உயரணும். மூன்று அடிக்கு ஒரு மூச்சு. ஓடுவது நான்தானா, இல்லை எனக்குள்ளே உட்கார்ந்துகொண்டு அக்கா ஓடுகிறாளா?'

தொடக்கக் கோட்டருகே குனிந்து நின்ற வாண்டுக்கு அதுதான் புரியவில்லை. அதற்குள் அக்கா விசில் ஊதிவிட்டாள்.

முழங்கையை நினைத்தால் முட்டி மறந்தது. முட்டியை நினைத்தால் மூச்சு தப்பியது. அறுபது மீட்டர் முடிந்தபோது, இரவல் கால்களால் ஓடியதுபோல இருந்தது.

அக்கா ஸ்டாப்வாட்சைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "பதினொண்ணு புள்ளி மூணு."

அக்கா கல்லூரியில் விளையாட்டு அறிவியல் படிக்கிறாள். ஒருவருக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, வேகம் எப்படி மாறுகிறது என்று எழுதித் தர வேண்டும். வாண்டுக்குப் பத்து வயது. தெருவில் இதுவரை யாரும் அவளைத் துரத்திப் பிடித்ததில்லை. "வீட்டுக்குள்ளேயே ஆளை வச்சுக்கிட்டு வெளியே தேடுவானேன்!" என்று அக்கா தொடக்கத்தில் துள்ளிக் குதித்தாள்.

முதல் வாரம், எந்தப் பாடமும் தொடங்கும் முன்பு, வாண்டு பத்து புள்ளி நான்கு விநாடியில் ஓடினாள். பிறகு வாரத்துக்கு ஒரு பாடம். குளிக்கப் போகும்போதுகூட முழங்கையை மடக்கிக்கொண்டு போனாள்.

"யாரோட சண்டைக்குக் கிளம்பிட்டே?" என்று அப்பா கேட்டார்.

பாடம் கூடக்கூட வேகம் குறைந்தது. இன்று ஆறாவது வாரத்தின் கடைசி மாலை.

"என்னடி ஆச்சு உனக்கு? முயல் மாதிரி இருந்தவ ஆமையாயிட்டே!"

"தெரியலக்கா. என் கால் என் பேச்சையே கேக்க மாட்டேங்குது."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குக் கொடுத்தாகணும். பயிற்சி கொடுத்துக் கெடுத்தேன்னு எழுதவா? வகுப்பே சிரிக்கும்."

வாண்டு தன் கால்களைப் பார்த்தாள். தப்பு யாருடையது? அக்காவுடையதா, காலுடையதா?

"அக்கா, இன்னொரு தடவை ஓடறேன். ஆனா நீ எதுவும் சொல்லக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"திரும்பிக்கிட்டா நேரத்தை எப்படிடி பாக்கறது?"

"சரி, பாரு. வாயை மட்டும் மூடிக்கோ."

அக்கா விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். வாண்டு ஓடினாள். காதோரம் காற்று விர்ரென்றது. முழங்கை எங்கே போனது, முட்டி எங்கே போனது, எதுவும் நினைவில்லை.

"பத்து புள்ளி ஒண்ணு!" துள்ளி எழுந்த அக்கா அப்படியே குழம்பி நின்றாள். "இது நான் சொல்லிக் கொடுத்ததாலயா, சொல்லாம இருந்ததாலயா?"

"என்னைக் கேட்டா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் தாளில் எழுதியதும், ஓடியவர் அதன் பக்கத்தில் கையெழுத்து போட வேண்டும். அது கல்லூரி விதி. வாண்டு இரண்டு ஓட்டத்துக்கும் போட்டாள். அக்கா எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். முதல் வாரத்துக்குப் பதினொன்று புள்ளி மூன்று என்று எழுதினாள். அப்படியே குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பத்து புள்ளி ஒன்றை எழுதினாள்.

"பாரு, படிக்கட்டு மாதிரி அழகா இறங்குது. எல்லாம் நீ ஓடின எண்தான். இடத்தைத்தான் மாத்தியிருக்கேன். போடுடி கையெழுத்து."

வாண்டு பேனாவை வாங்கினாள். எல்லா எண்ணும் நிஜம். அப்புறம் ஏன் கை நகரவில்லை? அக்கா பாவம். கண்ணைச் சுற்றிக் கருவளையம். போட்டுவிட்டால் என்ன?

ஆனால் முதல் வாரம் என்ற இடத்தைப் பார்த்தாள். அன்று அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்த ஓட்டம் அங்கே இல்லை. இன்றைக்குக் கால் கனத்து, மூச்சுத் திணறி ஓடியது அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒரே ஒரு கையெழுத்துடி. என் தங்கம்ல?"

வாண்டு பேனாவை மூடி அக்காவின் கையில் வைத்தாள்.

"அந்தப் பழைய தாளையே கொடுத்துடுக்கா. ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியலன்னே எழுது. நிஜமாவே நமக்குத் தெரியலையே."

"சிரிப்பாங்கடி."

"நானும் வரேன். ரெண்டு பேரையும் சேர்த்துச் சிரிக்கட்டும்."

"அப்போ இதுல போட மாட்டே?"

வாண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுத் தொடக்கக் கோட்டை நோக்கி நடந்தாள்.

"இன்னும் எத்தனை தடவை வேணாலும் ஓடறேன். அன்னன்னிக்கு ஓடினதுக்குத்தான் போடுவேன்க்கா."