ஆறிய உலை

தம்பி இறந்தபின் அவள் வேலைக்குத் திரும்பிய முதல் காலை அது. அடுப்பின்மேல் பதிக்கும் கண்ணாடிப் பீங்கான் தகடுகள் செய்யும் ஆலை. வார்த்த கண்ணாடியை உலைக்குள் மறுபடி மெல்லச் சுட்டால் உள்ளே நுண்ணிய படிகங்கள் முளைத்துப் பால்நிறமாகும். பிறகு எந்தச் சூட்டுக்கும் விரியாது. தகடுகளை விளக்கொளியில் பிடித்துக் குறை பார்ப்பது அவள் வேலை. அதே ஆலையில் வேலை பார்த்த தம்பி, சரிந்த தகடுகளை அடுக்க உலைக்குள் போனவன், உயிரோடு வெளியே வரவில்லை.

"சொல்லாம கொள்ளாம உள்ள போனான்மா. நாங்க என்ன பண்றது?" என்றார் மேனேஜர், தேநீரை உறிஞ்சியபடி.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் தகட்டைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு கை.

விரித்த ஐந்து விரல்கள். துடைத்தாள். போகவில்லை. அது கண்ணாடிக்குள் இருந்தது.

அடுத்த தகட்டிலும்.

உலையை இயக்கும் உலைக்காரர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "மனசு கேக்கலம்மா. அன்னிக்கு உள்ள இருந்து தட்டினான். நான் கேட்டேன். பாதியில நிறுத்தினா மொத்தமும் வீணாயிடும், நிறுத்தாதேன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

தகட்டை எடுத்துப் போய் மேனேஜரின் மேசையில் வைத்தாள். "இது யார் கை?"

அவர் முகம் வெளிறியது. "உலைச் சுவர்ல ஏதாவது படிஞ்சிருக்கும். உலை இப்ப ஆறித்தான் கிடக்கு. வா, காட்டறேன்."

விறுவிறுவென்று நடந்து, டார்ச்சோடு உலைக்குள் நுழைந்தார். அவளும் உலைக்காரரும் வெளியே சற்றுத் தள்ளி நின்றார்கள்.

கதவு சாத்திக்கொண்டது. கதவை ஒட்டி ஒருவருமில்லை. தாழ் தானாக விழுந்தது.

முடி கருகும் வாடை.

சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது.

"நான் சுவிட்சைத் தொடவே இல்லம்மா," என்றார் உலைக்காரர்.

உள்ளிருந்து தட்டும் சத்தம். "திற! யாராவது திறங்க!"

"திறக்கட்டுமா?" என்றார் உலைக்காரர்.

"என் தம்பி தட்டினப்ப திறந்தீங்களா?"

அவள் தாழின்மேல் கைவைத்தபடி அசையாமல் நின்றாள். தட்டல் தளர்ந்தது. நகம் பிறாண்டும் ஓசையாயிற்று. அதற்குமேல் அவளால் முடியவில்லை. தாழை நீக்கினாள்.

குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. உடம்பில் ஒரு கருகலும் இல்லாமல் மேனேஜர் வெளியே வந்தார். அவளைவிட இருபது வயது மூத்தவர். குழந்தைபோல் உதடு பிதுங்க அவளைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா தட்டறேன்," என்றார், அவள் தம்பியின் குரலில். "ஏன்க்கா திறக்கல?"