உள்சுற்றில் ஒரு தட்டல்

திரையில் நேர்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் மேடு விழுந்திருந்தது. மூன்று சின்ன மேடுகள், கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு.

ஷ்யாம்சுந்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். செயற்கைக்கோள் ரேடார் பூமியைப் படமெடுக்கும் முன் தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். அப்போது வெளிவாசல் மூடியிருக்கும். உள்ளே கிளம்பிய அலை உள்ளேயே சுற்றி உள்ளேயே வந்து சேரும். வெளியே இடி விழுந்தாலும் அதில் பதியாது. அந்தப் பதிவைச் சரிபார்ப்பதுதான் அவன் வேலை. சிட்லபாக்கத்து வீட்டில், மழை ஓயாத அந்தச் சாயங்காலம், சூடேறிய கம்ப்யூட்டர் வாசமும் காயாத துணி வாசமும் கலந்து மூச்சை அடைக்க, அவன் அந்த மேடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாமூச்சியில் அப்பாவால் கண்டுபிடிக்க முடியாதபோது, அவன் மகள் ஸ்நேகா ஒளிந்த இடத்திலிருந்து பாவம் பார்த்துத் தட்டிக் காட்டியது இப்படித்தான்.

போன வருஷம் காணாமல் போன அவளைத் தேடி தாம்பரம் ஸ்டேஷன், ஏரிக்கரை, பம்மல் என்று அலைந்தான் மடையன். ஊரையே சலித்தவன் தன் வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய பிரிட்ஜைத் திறந்து பார்க்கவில்லை. ஆறு வயசுக் குழந்தை. எவ்வளவு நேரம் தட்டினாளோ.

கரண்ட் போனது. திரை அணைந்தது. தட்டல் நிற்கவில்லை. அதைக் காதாலும் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இந்தத் தடவை எப்படியாவது திறந்துவிட வேண்டும். கொல்லைக்கு ஓடினான். பிரிட்ஜ் காயலான் கடைக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. அது இருந்த இடத்தில் மழைநீர். பீரோ, பரண், சமையலறை அலமாரி, எல்லாவற்றையும் திறந்தான். எங்கே போனாலும் சத்தம் கூடவில்லை. குறையவில்லை. ஒரே அளவு.

அவன் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சத்தம் வெளியே இல்லை. கருவிக்குள்.

நெஞ்சில் கை வைத்தான். உள்ளிருந்து தட்டியது.

“என்னங்க, இருட்டுல எதை உருட்டறீங்க?” மெழுகுவர்த்தியோடு மனைவி திரிபுரசுந்தரி வந்தாள்.

“ஒண்ணுமில்ல. நீ போ.”

“நெஞ்சு வலிக்குதா?”

மெழுகுவர்த்தியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு அவன் மார்பில் காது வைத்தாள். அவனால் தள்ள முடியவில்லை.

“பாப்பா?”

தட்டல் வேகமெடுத்தது.

“மூச்சு முட்டுதுங்க அவளுக்கு.” அவள் அழவில்லை. “இதோ வந்துட்டேன்டா கண்ணு. அம்மா திறக்கறேன்.”

சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காது மார்பை விட்டு எழவில்லை. வலது கை மட்டும் மேடையில் துழாவியது. காய் நறுக்கும் கத்தி எட்டவில்லை.

ஷ்யாம்சுந்தர் அதை அவள் கைப்பக்கம் நகர்த்தி வைத்தான்.