நூற்றாறில் நின்ற முள்

காலை ஆறு பத்து. கத்தரீனா மீன் கூடத்தின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். மூன்றாம் தொட்டியில் தண்ணீர் தெரியவில்லை. வெள்ளை வயிறுகள்தான் தெரிந்தன.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ட்ரௌட் மீன்கள். முந்தின நாள் மத்தியானம்தான் அவற்றைப் புதுத் தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்தில் நான்காம் தொட்டி. அதில் இருந்தவை சிறிய மீன்கள். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அவள் கைபேசியை எடுத்தாள். தொட்டிகள், குழாய்கள், பம்புகள் என்று எல்லாவற்றையும் படம் பிடித்தாள். காப்புறுதிக்காரருக்கு வேண்டும். பிறகு பண்ணையின் பொறியியலாளரை அழைத்தாள். அதற்குப் பிறகு பொலிஸை.

எஸ்பியர்க் நகரப் பொலிஸில் அஜந்தினி பல விசித்திரங்களைப் பார்த்தவள். மீன் சாவுக்கு அழைக்கப்பட்டது இதுதான் முதல் தடவை. ஒன்பது மணிக்குத் துறைமுகத்தைக் கடந்து போனாள். கடல் காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது.

"நாசவேலை," என்றாள் கத்தரீனா டேனிஷில். பண்ணை அவளுடையது. அப்பாவிடமிருந்து வந்தது. "செய்தது யார் என்றும் தெரியும்."

"சொல்லுங்கள்."

"இந்தக் கூடம் அட்டை இல்லாமல் திறக்காது. நேற்று மாலையிலிருந்து இன்று நான் திறக்கும்வரை ஒரே ஒரு அட்டைதான் பாவிக்கப்பட்டிருக்கிறது. டானியலுடையது. இரவு பத்து மணிக்கு."

"அவர் உள்ளே போகவேண்டியவர்தானே?"

"ஆம். ஆனால் செவ்வாய்க்கிழமை கோப்பி குடிக்கும்போது அவன் எல்லார் முன்னாலும் ஒன்று சொன்னான். இந்த மீனெல்லாம் செத்தால்தான் எனக்கு லீவு கிடைக்கும் என்று."

"நீங்கள் லீவு கொடுக்கவில்லையா?"

"ஞாயிறு வேலைக்கு ஆள் இல்லை." கத்தரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவனை இன்று கூடத்துக்குள் விடவில்லை."

மிருக வைத்தியர் ஏற்கனவே வந்து போயிருந்தார். தண்ணீரில் நஞ்சு இல்லை. செவுள்களைப் பார்த்தால் ஒட்சிசன் போதாமல் செத்தவை போல் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஓடும் தண்ணீர்தான் ஒட்சிசனைக் கொண்டுவரும், யாரோ அதைக் குறைத்திருக்க வேண்டும் என்றாள் கத்தரீனா.

டானியல் சாப்பாட்டு அறையில் தனியாக இருந்தான். முன்னால் கோப்பி ஆறிப்போயிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் கலியாணம் முடித்து மன்னாரிலிருந்து வந்தவன். நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தான். ஒரு தண்டனை விழுந்தால் அது போய்விடும். வேலையும் போனால் பேச்சே இல்லை.

அவன் அவளுடைய பெயர்ப்பட்டியை வாசித்தான்.

"தமிழோ அக்கா?"

"ஓம். அதுக்காகச் சலுகை ஒண்டும் இல்லை."

"சலுகை கேக்கேல்லை. பகிடி விளங்கிற ஆள் ஒண்டு வந்ததே போதும்."

"மீன் செத்தாத்தான் லீவு எண்டது பகிடியோ?"

"மன்னாரிலை சொல்லியிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பினம். இஞ்சை பொலிஸ் வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"என்னத்துக்கு லீவு?"

"ஞாயிற்றுக்கிழமை மாதா பெருநாள். சுற்றுப்பிரகாரத்திலை மகள் பூத் தூவுறாள். முதல் தரம்."

"நேற்று இரவு உள்ளுக்கை என்ன செய்தீங்கள்?"

"சாப்பாடு போட்டன். ரெண்டு பம்பிலையும் முள்ளைப் பாத்தன். எண்பத்தெட்டிலை நிண்டுது. வெளியிலை வந்தன். பன்ரெண்டு மணிக்கு வீட்டை போயிட்டன்."

"எண்பத்தெட்டு எண்டு ஆர் சொன்னது?"

"சிறீ அண்ணை. முள் அதை விட்டு அசையக்கூடாது எண்டு சொன்னவர்."

"வால்வைத் தொட்டீங்களோ?"

"எனக்கென்ன விசரே அக்கா?" அவன் கோப்பியைத் தள்ளி வைத்தான். "அதுகளைக் குஞ்சிலையிருந்து வளத்தது நான்."

அஜந்தினி கூடத்துக்குள் போனாள். ஒரே மாதிரி இரண்டு புதுத் தொட்டிகள். ஒரே மாதிரி இரண்டு பம்புகள். இரண்டும் ஏலத்தில் வாங்கியவை. பக்கத்தில் பித்தளைத் தகடு. அமெரிக்காவில் செய்தது என்று அதில் பொறித்திருந்தது. பம்புக்கு மேலே வட்டக் கண்ணாடி, அதற்குள் சிவப்பு முள். கண்ணாடியில் மூன்று ஆங்கில எழுத்துகள்: ஜி, பி, எம். நிமிடத்துக்கு எத்தனை கலன், அதாவது கேலன், தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் மானி.

சுவரில் வெள்ளைப் பலகை. தொட்டி ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 400 லீற்றர் என்று கத்தரீனாவின் கையெழுத்து.

மூன்றாம் பம்ப் நிறுத்தப்பட்டிருந்தது. முள் பூச்சியத்தில். நான்காம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. முள் நூற்றாறில்.

நான்காம் தொட்டியின் மீன்கள் இப்போது வாய் திறக்கவில்லை. கீழே இறங்கி ஓட்டத்தை எதிர்த்து நின்றன.

"ஒட்சிசன் மானி எங்கே?" என்று கத்தரீனாவைக் கேட்டாள்.

"அடுத்த வாரம் வருகிறது."

"அதற்கு முன் மீனை ஏன் மாற்றினீர்கள்?"

"பழைய தொட்டி ஒழுகியது. தண்ணீர் கணக்கின்படி ஓடினால் பயமில்லை என்றார்கள்."

"யார்?"

"சிறீ. எங்கள் பொறியியலாளர்."

சுவரோரம் வேலை மேசை. குறடு, ரப்பர் வளையங்கள், வடிகட்டிக்கு ஊற்றும் பக்ரீரியாத் திரவம். அது ஒரு பெரிய பிளாஸ்ரிக் ஜாடியில் இருந்தது. அதுவும் பம்புகளோடு அமெரிக்காவிலிருந்து வந்தது. முகத்துக்கு நேரே லேபிள் தெரிந்தது. ஒரு கலன், 3.78 லீற்றர். அஜந்தினி அதை வாசித்துவிட்டு அந்த இடத்திலேயே வைத்தாள்.

சிறீ என்ற சிறீஸ்கந்தராசா பட்டறையில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படித்து, எண்பதுகளில் அகதியாக வந்து, இந்தப் பண்ணையில் குழாய் போடாத மூலை இல்லை என்று பெயர் எடுத்தவர்.

"பிள்ளை, நீ யோகமலரின்ரை மகளெல்லே?"

"ஓம் அங்கிள். இண்டைக்குப் பொலிஸ்."

"தெரியுது." அவர் அவளுடைய சீருடையைப் பார்க்கவில்லை. கைகள் சட்டைப் பைக்குள் இருந்தன.

"பம்ப் ரெண்டையும் பொருத்திப் பூட்டினது நீங்களோ?"

"நான்தான். செவ்வாய்க்கிழமை."

"கலன் மானி இஞ்சை ஆருக்கும் விளங்காதே?"

"எனக்கு விளங்கும்." முதல் தடவையாக முகம் சற்று மலர்ந்தது. "எங்கடை காலத்திலை எல்லாம் கலன்தானே. அப்பான்ரை காருக்கு ஒரு கலன் பெற்றோல் அடிச்சா கொடிகாமம் போய் வரலாம். லீற்றர் பிறகு வந்தது."

"இண்டைக்குக் காலமை வந்து என்ன செய்தீங்கள்?"

"மூண்டாம் பம்பை நிப்பாட்டினன். செத்ததுகளுக்கு என்னத்துக்குத் தண்ணி."

"வேறை?"

"வேறையொண்டையும் தொடேல்லை."

"டானியல் செய்திருப்பானோ?"

அவர் கதவைப் பார்த்தார். "அவனை இஞ்சை வேலைக்குக் கொண்டந்தது நான்."

"நான் கேட்டது அதில்லை அங்கிள்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை."

பத்து முப்பது. அஜந்தினி காருக்குள் இருந்தாள். கத்தரீனா அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு பன்னிரண்டுக்கு எடுத்த படத்தில் இரண்டு முள்ளும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டும் எண்பத்தெட்டில்.

டானியல் சொன்னது உண்மை. யாரும் தண்ணீரைக் குறைக்கவில்லை. அப்படியானால் மீன் ஏன் செத்தது?

கைபேசியில் அளவு மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். நிமிடத்துக்கு 400 லீற்றர் என்று போட்டாள். கலனில் எவ்வளவு என்று கேட்டாள். கைபேசி விடை சொல்லவில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டது. அவள் ஒரு தரம் ஒன்றைத் தொட்டாள். மறு தரம் மற்றதைத் தொட்டாள்.

பிறகு காரிலிருந்து இறங்கினாள். காற்று கதவைப் பறித்தது.

மூவரையும் கூடத்துக்குள் அழைத்தாள். டானியல் வாசலோடு நின்றுவிட்டான்.

"உள்ளே வரலாம்," என்றாள் டேனிஷில். "இங்கே நாசவேலை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கணக்குப் பிழை நடந்திருக்கிறது. ஒரு பொய்யும்."

கத்தரீனா வாயைத் திறந்தாள். அஜந்தினி கையை உயர்த்தினாள்.

"உலகத்தில் இரண்டு கலன் இருக்கிறது. இங்கிலாந்துக் கலன் பெரியது. நாலரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட. அமெரிக்கக் கலன் சிறியது. நாலு லீற்றர்கூட இல்லை. நானூறு லீற்றர் வேண்டுமென்றால் இங்கிலாந்துக் கலனில் எண்பத்தெட்டு. அமெரிக்கக் கலனில் நூற்றாறு."

அவள் பித்தளைத் தகட்டைத் தட்டினாள்.

"இது அமெரிக்கப் பம்ப். முள்ளை எண்பத்தெட்டில் நிறுத்தினால் ஓடுவது முந்நூற்றுச் சொச்சம் லீற்றர்தான். ஆறில் ஒரு பங்கு குறைவு. மூன்றாம் தொட்டியில் பெரிய மீன்கள், நெருக்கமாக. இரவு சாப்பிட்டதும் அவற்றுக்கு இன்னும் ஒட்சிசன் வேண்டியிருந்தது. டானியல் சொன்னபடி சாப்பாடு போட்டார். சொன்னபடி முள்ளைப் பார்த்தார். முள் சரியாக நின்றது. சொன்ன எண்தான் பிழை."

"இலங்கையில் கலன் என்றால் ஒன்றுதான்," என்றாள் பிறகு, சற்று மெதுவாக. "வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கலன். அங்கே படித்த ஒருவருக்கு இன்னொரு கலன் இருக்கும் என்ற நினைப்பே வராது. டேனிஷ்காரர் பொருத்தியிருந்தால் கலன் தெரியாமல் எங்காவது தேடிப் பார்த்திருப்பார். தெரிந்தபடியால் தேடவில்லை."

யாரும் சிறீஸ்கந்தராசாவைப் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லாருக்கும் அவர் நிற்பது தெரிந்தது.

"பொய்?" என்றாள் கத்தரீனா.

"உங்கள் படத்தில் நான்காம் பம்பின் முள் எண்பத்தெட்டில். நான் வரும்போது நூற்றாறில். இடையில் யாரோ வால்வைத் தொட்டிருக்கிறார். பயந்தவர் தொட்டிருந்தால் முழுக்கத் திறந்திருப்பார். முள் கடைசிக்கு ஓடியிருக்கும். சரியாக நூற்றாறில் நிறுத்தியவருக்கு விடை தெரிந்திருக்கிறது. மேசையில் உள்ள ஜாடியின் லேபிளை அவர் காலையில் வாசித்திருக்கிறார்." அவள் தமிழுக்கு மாறினாள். "அங்கிள், ஒண்டையும் தொடேல்லை எண்டு சொன்னீங்கள்."

அவர் நான்காம் தொட்டியின் விளிம்புக்குப் போனார்.

"சின்ன மீனுகள் துடிச்சுக்கொண்டு நிண்டதுகள்," என்றார் சிறீஸ்கந்தராசா. "கணக்குச் சரி, முள்ளுச் சரி, பிறகேன் எண்டு விளங்கேல்லை. வடிகட்டிக்கு மருந்து ஊத்துவம் எண்டு ஜாடியைத் தூக்கினன். அப்பத்தான் கண்டன். லேபிளிலை ஒரு கலன் 3.78 லீற்றர் எண்டு கிடந்தது."

"கண்ட உடனை சொல்லியிருக்கலாமே?"

"மீனைக் காப்பாத்திப்போட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அதுக்குள்ளை நீ வந்து நிண்டாய், இந்த உடுப்போடை." கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "எண்பத்துநாலாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலை எங்களைப் பொலிஸ் ஏதாவது கேட்டா, தெரியாது, தொடேல்லை, காணேல்லை. அதுதான் பாடம். நாப்பது வருசமாப் போச்சு. வாய் இன்னும் மாறேல்லை."

அவர் கத்தரீனாவின் பக்கம் திரும்பினார். அதையே டேனிஷில் சொன்னார். மூன்றே வசனம். கணக்கு என்னுடையது. காலையில் தெரிந்துகொண்டேன். டானியலைப் பற்றி நீங்கள் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கத்தரீனா நான்காம் தொட்டியைப் பார்த்தாள். மீன்கள் எல்லாம் ஒரே திசையில் நின்றன.

"மானி வரும்வரை பொறுத்திருக்க வேண்டியவள் நான்," என்றாள். "அவசரப்படுத்தியதும் நான்தான்." பிறகு டானியலிடம் நேராகப் போனாள். "நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்."

டானியல் தலையை ஆட்டினான். அவன் கண்கள் தொட்டியில் இருந்தன. "இப்போது கொஞ்சம் சாப்பாடு போடலாம்," என்றான் டேனிஷில். "கொஞ்சமாக."

ஒரு பிடி எடுத்துத் தூவினான். தண்ணீர் கொதித்தது போல் மீன்கள் மேலே பாய்ந்தன.

அஜந்தினி வழக்கை அங்கேயே முடித்தாள். குற்றம் இல்லை. டானியலின் பெயர் எங்கும் ஏறாது. வெளியே வந்தபோது சிறீஸ்கந்தராசா கார் தரிப்பிடத்தில் நின்றார், காற்றில் தலைமயிர் பறக்க. டானியல் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை. அவர் கிட்டப் போனார். போய், இரண்டடி தள்ளி நின்றார்.

அஜந்தினி காரின் கதவைப் பிடித்தபடி நின்றாள். போக மனம் வரவில்லை.

"தம்பி," என்றார் அவர். "ஞாயிற்றுக்கிழமை உன்ரை வேலையை நான் செய்யிறன். கத்தரீனாவோடை கதைச்சிட்டன். நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ."

டானியலின் கை பூட்டில் நின்றது.

"நான் சைவக்காரன். உங்கடை கோயில் முறை எனக்குத் தெரியாது. எண்டாலும் கேக்கிறன். என்ரை பேரிலையும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவியோ?"