குழாய் ஆறும் சத்தம்

குளியலறைச் சுவருக்குள் தட்டுச் சத்தம் கேட்டபோது சாயங்காலம் ஐந்தரை. பழக்கதோஷத்தில் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காகிதத்தில் குறித்தான். இருபது வினாடி கழித்து இன்னொன்று. அடுத்தது பதினெட்டில். அடுத்தது பதினைந்தில்.

இடைவெளி குறையக் கூடாது.

தொழிற்சாலைகளில் இரைச்சல் அளப்பது அவன் வேலை. எந்த எந்திரம் எதனால் முனகுகிறது என்று சொல்லித்தான் சம்பளம். வீட்டிலும் அதே கதை. அலமாரி டக்கென்றால் மரம் ஈரம் விடுகிறது. ஜன்னல் ஊளையிட்டால் இடுக்கில் காற்று. மனைவி பயந்து உலுக்கும்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே காரணம் சொல்வான்.

"சத்த டாக்டரே, பேயே வந்து நின்னாலும் ஒரு கணக்கு போட்டுட்டு திரும்பிப் படுத்துப்பீங்க" என்பாள்.

வெந்நீர் ஓடினால் இரும்புக் குழாய் சூட்டில் நீளும். நிறுத்தினால் சுருங்கும். சுருங்கும்போது சுவர்க் கொக்கியில் உரசித் தட்டும். ஆற ஆற, தட்டுகள் தள்ளித் தள்ளி விழும்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் குளிக்கப் போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் விழுந்தன. அவன் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான். எட்டு வினாடி. பன்னிரண்டு. இருபது. நாற்பது. பாடப் புத்தகத்தில் போடலாம், அத்தனை சுத்தம். சிரித்துக்கொண்டே குறித்தான். நாற்பதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. 'ஆறிவிட்டது' என்று எழுதிக் கோடு போட்டான்.

கதவை உடைத்தபோது அவள் வழுக்கி விழுந்த வாக்கில் கிடந்தாள். ஒரு கை மட்டும் மேலே, மோதிரம் சுவரிலிருந்து வெளியே நீண்ட குழாயில் பட்டபடி. உடம்பு இன்னும் ஆறவில்லை.

மறுவாரமே குழாயைப் பிடுங்கச் சொன்னான்.

"நல்ல குழாய் சார். இன்னும் இருபது வருஷம் உழைக்கும்" என்றார் பிளம்பர்.

"சத்தம் போடுது."

குழாய் போயிற்று. சுவரைப் பூசியாயிற்று. புதுக் கதவு போட்டு வெளியே தாழிட்டும் வைத்தான். இப்போது அந்தச் சுவருக்குள் சுருங்குவதற்கு எதுவும் இல்லை.

பன்னிரண்டு. பத்து.

இரும்பில் மோதிரம் படுகிற சத்தம்.

போன் அடித்தது. மாமியார்.

"சாப்ட்டீங்களா மாப்ளே?"

"ம்."

"கோச்சுக்காதீங்க. மனசு கேக்க மாட்டேங்குது. அன்னிக்கு அவ கூப்பிடவே இல்லையா? ஒரு சத்தம்கூடக் கேக்கலையா?"

"இல்ல அத்தை." எத்தனையாவது முறையோ.

எட்டு. ஆறு.

"யாரு மாப்ளே அங்க தட்டறது?"

"குழாய் அத்தை. சூடு ஆறுது."

மாமியார் மெல்ல: "அதைப் பிடுங்கிப் போட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

நாலு. மூன்று. போனை மேசையில் வைத்தான். மாப்ளே, மாப்ளே என்று அது அழைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு. ஒன்று. இடைவெளியே இல்லை. சுவர் முழுக்கத் தட்டு.

நின்றது.

சோப்பு வாசனை. அவள் சோப்பு. கதவின் அடி இடுக்கிலிருந்து ஆவி கசிந்தது. தரை ஈரமாயிற்று. வெதுவெதுப்பான ஈரம், அவன் பாதம் வரை. ஈரத்தோடு நான்கு விரல்கள் வெளியே வந்தன. தண்ணீரில் ஊறிச் சுருங்கியவை. மூட்டெல்லாம் தோல் உரிந்து.

தாழ்ப்பாள் கைக்கு எட்டும் தூரம்தான்.

மோதிர விரல் மெல்ல மடங்கித் தரையில் ஒரு முறை தட்டியது.

அவன் கை பேனாவை எடுத்தது.