ஆசிரியை வீட்டுப் பச்சை நூல்

ஈரப் போர்வைகள் நிறைந்த கூடை மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. தூக்கிப்போய்க் காயப்போட ஆளில்லை. ஆறு நாளாக இதே கதை.

பதினெட்டு வருடமாக அந்தச் சலவைக்கடை வீட்டில் கூடை தூக்குகிறவள் மூத்த மருமகள்தான். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று படியேறுவாள். அப்படிப்பட்டவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தால் இளையவளுக்கு எரியாதா? சும்மா சொல்லக்கூடாது, அவளும் வாயைக் கட்டித்தான் பார்த்தாள். இன்று முடியவில்லை.

"சிலருக்குக் குடுத்து வச்சிருக்கு... உக்காந்த இடத்துலயே பொழுது போகுது" என்று இஸ்திரிப் பெட்டியிடம் சொன்னாள்.

மூத்தவள் காதில் விழாத மாதிரி அடுத்த உறையை எடுத்தாள். அவள் என்னவென்று சொல்வாள்? இடது மார்பில் இருந்த கட்டியில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் பாரம் தூக்காதே, உள்ளாடையை இரவிலும் கழற்றாதே, வீங்கினால் ஐஸ் வை என்றார்கள். வலி போய்விட்டது. கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்த இடம்கூட மஞ்சளாகிவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. இன்று பதினோரு மணிக்குமேல் கூப்பிட்டால் முடிவு சொல்வார்களாம்.

வீட்டில் மறைத்ததற்குக் காரணம் மாமியாரின் கண். ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. கண்ணைக் கசக்கக்கூடாது, அழக்கூடாது என்று உத்தரவு. மாமியாரோ சோப்பு விளம்பரத்துக்கே அழுகிறவள்! டிவியைப் போர்வை போட்டு மூடிவைத்திருந்தார்கள். போதாததற்கு, மாமியாரின் சொந்த அக்கா மார்புக் கட்டியில்தான் போய்ச் சேர்ந்தாள். இளையவளிடமாவது சொல்லலாமென்றால், மனசு தங்கம், வாய் ஓட்டை. கணவனுக்கு மட்டும் தெரியும். அவன் ரகசியம் காத்த லட்சணம் இருக்கிறதே... பெண்டாட்டி கையில் தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலும் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். இளையவள் வயிற்றெரிச்சலில் எண்ணெய் ஊற்றியதே அவன்தான்.

மத்தியானம் பள்ளிக்கூட இடைவேளையில் அடுத்த தெரு ஆசிரியை வந்தாள். பல வருட வாடிக்கை. கையில் ஒரு வெள்ளை பிளவுஸ்.

"இது என்னோடது இல்லையே" என்று மேஜைமேல் வைத்தாள்.

அந்தக் கடையில் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு நிறத்தில் நூல் தைப்பார்கள். ஆசிரியை வீட்டுக்குப் பச்சை. பிளவுஸின் ஓரத்தில் பச்சை நூல்தான் இருந்தது. இளையவள் புரட்டிப் பார்த்தாள். பிளவுஸ் மூத்தவளுடையது.

"வேலைதான் செய்யல, வர்ற வாடிக்கையையும் கெடுக்கணுமாக்கா? என்னதான் நடக்குது இந்த வீட்டுல? கேட்டா வாயைத் தொறக்கறியா நீ?"

மூத்தவளின் முகம் வெளுத்தது. ஊசி போட்ட அன்று போட்டிருந்த பிளவுஸ் அது. மருந்துக் கறை போகவில்லை. வீட்டுக் கொடியில் போட்டால் மாமியார் கண்ணில் படும். ஆசிரியை துணியோடு துணியாகக் காயட்டும், பிறகு உருவிக்கொள்ளலாம் என்று பச்சை நூலைத் தைத்துவிட்டாள். அதற்குள் கணவன் அவளுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று மூட்டையைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

"இங்க குடு அத" என்றாள் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார்.

கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, பிளவுஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். நாற்பது வருடம் ஊராரின் கறையெல்லாம் பார்த்தவள்.

"ஆஸ்பத்திரி மருந்து. இவ கசக்கிப் போகாத கறை கெடையாது. போகலன்னா, கசக்க முடியலன்னு அர்த்தம்." இடது பக்கத்துப் பழுப்பை விரலால் தடவினாள். "எங்க அக்காவுக்கும் இடது பக்கந்தான்... எத்தன நாளாச்சும்மா?"

"ஆறு நாள், அத்தை. நீங்க அழக்கூடாதேன்னுதான்..."

இளையவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். ஆறு நாளாகப் பேசிய ஜாடைப் பேச்செல்லாம் திரும்பி வந்து அவளையே குத்தியது.

முடிவு எப்போது என்று மாமியார் கேட்டாள். பதினோரு மணிக்கே கூப்பிட்டிருக்கலாம், போனைத் தொடக் கை வரவில்லை என்றாள் மூத்தவள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இளையவள்தான் நம்பரைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், புற்றுநோய் எதுவும் இல்லை, சாதாரணக் கட்டிதான், ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றது.

ஆசிரியை முதலில் கைதட்டினாள். இளையவள் மூத்தவளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னத் திட்டுக்கா... ரெண்டு அடிகூட அடி."

"போடி. நீ திட்டலன்னா நான் ஆறு நாளும் அதையே நெனச்சுட்டு இருந்திருப்பேன்" என்றாள் மூத்தவள்.

மாமியார் பச்சை நூலைப் பல்லால் கடித்து உருவினாள். "நம்ம வீட்டுத் துணிக்கு என்னைக்கு நூல் தச்சோம்? இனி இப்படி அடுத்த வீட்டுத் துணிக்குள்ள ஒளிஞ்சே, பாரு..." சொல்லும்போதே கண் நிறைந்தது.

"அத்தை, கண்ணு!" என்று இருவரும் பதறினார்கள்.

மாமியார் முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கிக்கொண்டாள். "நான் அழல. எனக்கு டாக்டர் உத்தரவு. உனக்கு யாரு உத்தரவு போட்டா? எனக்கும் சேத்து நீ அழுதுடும்மா."

ஆறு நாள் அழாதவள் அத்தையின் தோளில் சாய்ந்து, இடது பக்கம் அழுந்தாமல், வாய்விட்டு அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே வந்தான். அழுகிறவர்களைப் பார்த்து அவனுக்கு நெஞ்சு நின்றே போனது. சங்கதியைச் சொன்னதும் வேகமாகப் போய் ஈரக்கூடையில் கை வைத்தான்.

"வைங்க கீழ" என்று இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துப் படியேறினாள்.