கேசவனைக் கொன்ற கை

கழுத்தில் கயிறு. கயிற்றுக்குள் ஒரு முழக் கட்டை.

விடிந்தும் விடியாத பனியில், பழவேற்காட்டுக் கோட்டையின் படித்துறையில் மல்லாந்து கிடந்தான் கேசவன். கப்பல்காரர்களைப் படகில் கரை சேர்க்கிறவன். நேற்று வரை குப்பத்தையே சிரிக்க வைத்தவன். கட்டையைக் கயிற்றில் செருகி, முறுக்கி முறுக்கியே ஆளை முடித்திருந்தார்கள். கட்டுமரம் கட்டுகிறவர்கள் மரங்களை இறுக்குவது போல!

கொன்றவன் மீனவன்தான் என்று ஒல்லாந்துத் தளபதி முடிவு கட்ட அரை நாழிகை கூட ஆகவில்லை.

கோட்டைச் சுவரில் காவல் நின்ற சிப்பாய் வேறு ஒரு சாட்சி சொன்னான். பனியில் முகம் தெரியவில்லையாம். ஆனால்... 'டப்'பென்று ஏதோ அறுந்த சத்தம். ஓர் அலறல். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு ஓடிய ஓர் உருவம்.

வலது கையில் கோளாறுள்ள மீனவனைத் தேடினார்கள். கோட்டைக்குப்பத்தில் தருமன் சிக்கினான். அவனுடைய வலது புஜத்தில், எல்லோருக்கும் இருக்கிற மேட்டை ஒட்டி, எலுமிச்சை அளவுக்கு இன்னொரு மேடு. அறுந்து சுருண்ட சதை அதுதான் என்றார்கள்.

போதாதா? உச்சிப் பொழுதில் தூக்கு!

செய்தி கேட்டு ஓடி வந்தாள் அம்மணி. தருமனின் மனைவி. சுளுக்கு வழிப்பதில் அவளை அடிக்க அந்தக் கரையில் ஆள் கிடையாது. கோட்டைச் சிப்பாய்களே கை காலைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் போவார்கள்.

கோட்டை முற்றத்து மேடையில் தளபதி உட்கார்ந்திருந்தார். கீழே கைகள் கட்டப்பட்ட தருமன், சுற்றிலும் குப்பத்துக் கூட்டம். தளபதியின் பக்கத்தில் துபாசி திருவேங்கடம். முழுக்கை அங்கி, மேலே சரிகைச் சால்வை. ஒல்லாந்தர்களுக்கும் ஊருக்கும் நடுவில் அவர் ஒருவர்தான் வாய். அவர் ஒருவர்தான் காது.

"சாமி, தளபதிகிட்ட சொல்லுங்க. இது அறுந்த சதை இல்லே."

"அப்புறம் என்ன சதையாம்?"

"பொறக்கறப்பவே இருந்தது. ஊருக்கெல்லாம் புஜத்துச் சதைக்கு ரெண்டு வேர். இவருக்கு மூணு. இவங்க நைனாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் எண்ணெய் தடவினவ நான், எனக்குத் தெரியாதா?"

திருவேங்கடம் தளபதியிடம் ஏதோ சொன்னார். தளபதி தருமனின் புஜத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கையில புதுசா அடிபட்டதானு கேட்கிறார்."

"இல்லேனு சொல்லுங்க."

திருவேங்கடம் திரும்பினார். "யா."

அம்மணி ஓரடி முன்னால் வந்தாள்.

"சாமி... இல்லேங்கறதுக்கு 'நே'தானே? நீங்க ஆமாங்கிற 'யா'வைச் சொல்றீங்க."

துபாசி வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பினார். "ஓ... உனக்கு ஒல்லாந்து பாஷை வேற தெரியுமோ?"

"ரெண்டே வார்த்தை. வலிக்குதானு கேட்டா சிப்பாய்ங்க வாயில அந்த ரெண்டுல ஒண்ணுதான் வரும்."

"உளறாதே. ஓரமா நில்லு."

திருவேங்கடம் தூக்கு ஓலையை எடுத்து, கையெழுத்துக்காகத் தளபதியிடம் நீட்டினார். இடது கையால்!

தளபதிக்கு அது உறைக்கவில்லை. அவர் கடல் தாண்டி வந்தவர். அம்மணிக்குச் சுருக்கென்றது. பிச்சைக்காரனுக்குக் கூட இடது கையால் போடாத மனுஷர், தளபதிக்கு நீட்டுகிறாரே?

"சாமி, வலது கைக்கு இன்னா ஆச்சு?"

"சால்வை நழுவும்னு பிடிச்சிருக்கேன். உனக்கென்ன?"

நேற்று சாயங்காலம் கேசவன் குப்பத்தில் ஊரே கேட்கச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. "துபாசி நம்ம பேச்சையே புரட்டிச் சொல்றாரும்மா. வெடிமருந்துப் பீப்பாயைக் குப்பத்து ஆளுங்க கூலியே இல்லாம சுமக்க ஒத்துக்கிட்டோம்னு சொல்லி வச்சிருக்காரு. நான்தான் கப்பல்காரங்ககிட்ட அந்த பாஷையைக் கத்துக்கினேனே... நாளைக்கு நானே தளபதிகிட்ட பேசறேன்."

அந்த 'நாளை' அவனுக்கு வரவே இல்லை.

இதை யாரிடம் சொல்வது? சொன்னாலும் அந்த வாய் வழியாகத்தானே போக வேண்டும்? அம்மணிக்குக் கோபம் தலைக்கேறியது.

பேச்சு வேண்டாம்!

விறுவிறுவென்று படியேறினாள். தளபதியின் வலது மணிக்கட்டைப் பற்றினாள். நாலு துப்பாக்கிகள் அவள் நெஞ்சுக்கு உயர்ந்தன.

"அம்மணி, வேணாம்... சுட்டுடுவான்," என்றான் தருமன்.

"சுடட்டும்யா. உன்னைத் தொங்க விட்டுட்டு வூட்டுக்குப் போய் நான் இன்னா பண்ணப் போறேன்?"

தளபதியின் முழங்கையை மடக்கினாள். உள்ளங்கையை மேலே திருப்பினாள். அவருடைய இடது ஆள்காட்டி விரலை எடுத்து, முழங்கை மடிப்பில் வெளிப்பக்கமிருந்து கொக்கி போல மாட்டினாள். புஜத்துச் சதையை எலும்போடு கட்டும் நாண் விறைப்பாக விரலில் சிக்கியது.

தளபதி கையை உயர்த்தினார். துப்பாக்கிகள் தாழ்ந்தன.

அதே விரலை இழுத்துப் போய் தருமனின் வலது முழங்கையில் மாட்டினாள். அங்கேயும் நாண். முறுக்கேறிய கயிறு மாதிரி, முழுசாக!

தளபதியின் புருவம் ஏறியது. தருமனின் புஜத்தைப் பார்த்தார். சாட்சி சொன்ன சிப்பாயைப் பார்த்தார்.

அம்மணி துபாசியைக் கை காட்டினாள்.

"இவ பைத்தியம்..." என்று ஆரம்பித்த திருவேங்கடம், ஒல்லாந்து பாஷையில் மடமடவென்று பொழிந்தார். தளபதி காதில் வாங்கவில்லை. நேராகத் துபாசியிடம் போய், அவர் வலது கையைப் பிடித்து, அங்கியின் கையை மேலே சுருட்டினார்.

முழங்கை மடிப்பிலிருந்து பாதிக் கை வரை கருநீலம். புஜத்துச் சதை தோள் பக்கம் சுருண்டு உருண்டிருந்தது.

தளபதியின் விரல் மடிப்பில் துழாவியது. மாட்ட ஒன்றுமே இல்லை.

அம்மணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கடல்காரன் கட்டையை ரெண்டு கையாலயும் முறுக்குவான். முட்டியை வேற அண்டை குடுப்பான். பழக்கமில்லாதவன் ஒத்தைக் கையால முறுக்கினா, எதிராளி திமிறுற நேரத்துல இங்கதான் நரம்பு அறுந்து மேல ஓடிடும். கேசவன் சும்மா சாவல. போறப்ப இவரு கையையும் அறுத்துட்டுத்தான் போயிருக்கான்."

சிப்பாய்கள் துபாசியை மடக்கிப் பிடித்தார்கள். தளபதி கூட்டத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் பேசினார். பழக்க தோஷம்... எல்லோரும் திருவேங்கடத்தைப் பார்த்தார்கள். அதே பழக்க தோஷத்தில் அவரும் வாயைத் திறந்துவிட்டார்.

"தருமனை... அவிழ்த்துவிடச் சொல்றார். தூக்கு, அதே உச்சிப் பொழுதுக்குத்தானாம். ஆள் மட்டும்... நானாம்."

அம்மணி புருஷனின் கைக்கட்டை அவிழ்த்தபடியே நிமிர்ந்தாள்.

"சரியாத்தான் சொல்றீங்க சாமி. எப்பவும் இப்படியே சொல்லிக்கினு இருந்திருந்தா, உத்தியோகமும் இருந்திருக்கும்... கழுத்தும் இருந்திருக்கும்!"